நிற்கும் வண்டியில் ஓடும் எஞ்சின்

தையல் போட்ட வயிற்றோடு ஒருவரைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு வேகத்தடையைத் தாண்டிப் பார்த்தால்தான் ஓட்டுநரின் தரம் தெரியும். நான் பதினேழு ஓட்டுநர்களோடு வேலை பார்த்தவள். நோயாளி ‘ஐயோ’ என்று சொல்லாமல் வேகத்தடை தாண்டியவள் அவர்களில் ஒருத்திதான். மற்ற ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் நத்தை.

கேலிக்கு வைத்த பெயர். அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள்.

“என்ன நத்தை, இப்பத்தான் ஊர்ந்து வர்றியா?” என்று ஷெட்டில் யாராவது கேட்டால், “நீ பறந்து வந்து என்னத்தைக் கிழிச்ச? உன் வண்டியில வந்த ஆளு வாந்தி எடுத்து வச்சிருக்காரு. போய்க் கழுவு, நாறுது” என்பாள்.

மெதுவாக ஓட்டுவது அவளுடைய குணம் இல்லை, பழக்கம். குணத்தில் அவள் பட்டாசு. பத்தொன்பது வயதில் அண்ணனுடைய தண்ணீர் லாரியில் குழாய் பிடிக்கப் போனவள். அண்ணன் காலை உடைத்துக்கொண்டு படுத்தபோது லாரியை இவள் எடுத்தாள். நிறைந்த தொட்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். பாதி காலியான தொட்டிதான் ஆபத்து. சட்டென்று பிரேக் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் எழுந்து வந்து முன்பக்கத் தகட்டில் மோதும். நின்ற லாரியையே தள்ளிக்கொண்டு போகும். ஒரு முறை ஒரு வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் கால் பிரேக்கை மிதித்ததில்லை. தொடும், அவ்வளவுதான்.

அவள் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மூன்றாவது மாடிக்கு ஒரு ஃபிரிட்ஜை ஏற்றும்போது முதுகில் ஏதோ ‘டக்’ என்றது. அதோடு சரி. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்தபடியே மிக்ஸியும் மின்விசிறியும் சரிசெய்கிறார். ஒரே மகள், பள்ளியில் கடைசி வருஷம். வீடு ஓடுவது நத்தை ஓட்டும் வண்டியால். அந்த வண்டியை அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்த கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் கம்பெனி. மொத்தம் ஒன்பது வண்டிகள். சக்கர நாற்காலியோடு ஆளைத் தூக்கி ஏற்றும் லிஃப்ட் அதில் ஒரே ஒரு வேனில்தான் உண்டு. அதற்கு அவள் ஓட்டுநர், நான் நோயாளிகளின் பராமரிப்பாளர். தினமும் நான்கு பேரை, இரண்டிரண்டு பேராக, டயாலிசிஸுக்குக் கொண்டுபோவோம். மதியம் அதே மாதிரி வீட்டுக்குக் கொண்டுவருவோம். கடைசியாக இறங்குபவர் ஓய்வு பெற்ற தபால்காரர். சர்க்கரையில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. நாக்கு மட்டும் முழுசாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை எல்லா வண்டியிலும் ஜிபிஎஸ் பெட்டி பொருத்தினார்கள். சோப்பு டப்பா அளவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, கண்ணில் படாத இடத்தில். மேலே சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தான் எங்கே இருக்கிறது என்று அது கண்டுபிடிக்கும். உள்ளே நம் செல்போனில் இருப்பது போலவே ஒரு சிம். அதன் வழியாகப் பத்து நொடிக்கு ஒரு தரம் ஆபீசுக்குச் சேதி போகும். வண்டி எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது, எஞ்சின் ஓடுகிறதா இல்லையா. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதில் தப்பே கிடையாது. தெரியாத விஷயத்துக்குத் தீர்ப்பு எழுதியவர்கள் மனிதர்கள்.

முதல் மாதம் பெட்டிக்கு நத்தையை ரொம்பப் பிடித்திருந்தது. திடீர் பிரேக், ஒன்றுமில்லை. அதிவேகம், ஒன்றுமில்லை. வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டிய பட்டியலில் அவள் வண்டி முதலிடம். பறந்து வருகிறவர்கள் எல்லாம் கீழே கிடந்தார்கள்.

“வானத்துல இருந்து பார்க்குதாமே உங்க பெட்டி” என்றார் தபால்காரர். “எங்க வீட்டுக் குளியலறை தெரியுமா?”

“தெரிஞ்சா அதுக்குத்தான் கஷ்டம் ஐயா” என்றாள் நத்தை.

“நான் முப்பத்தோரு வருஷம் தபால் போட்டேன். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நாலு வார்த்தை பேசினேன். என் சைக்கிள்ல இந்தப் பெட்டி இருந்திருந்தா முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.”

விளையாட்டாகச் சொன்னார். இரண்டாவது மாதம் அது விளையாட்டாக இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து, சக்கரம் நான்கு நிமிடத்துக்கு மேல் சுழலாமல் இருந்தால் அது டீசலை வீணாக்கும் குற்றம் என்று புது விதி வந்தது. பெட்டி ‘கீக்’ என்று கத்தும். ஆபீஸ் திரையில் வண்டி சிவப்பாகும். பிரேக், வேகக் கணக்கை விட்டுவிட்டு, இனி வாரத்துக்கு எத்தனை சிவப்பு என்றுதான் பலகையில் ஒட்டுவார்கள்.

இங்கே லிஃப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேனின் பின்பக்கம் ஒரு இரும்புத் தட்டு. நாற்காலியைத் தட்டில் ஏற்றி, சக்கரத்தைப் பூட்டி, பொத்தானை அழுத்தினால் ஒரு பம்ப் தட்டைத் தூக்கும், இறக்கும். பம்புக்கு மின்சாரம் வண்டியின் பேட்டரியிலிருந்து வருகிறது. அது பேட்டரியை உறிஞ்சி எடுத்துவிடும். அதனால் லிஃப்ட் இயங்கும்போது எஞ்சின் ஓட வேண்டும், அப்போதுதான் பம்ப் எடுக்க எடுக்கப் பேட்டரியில் மின்சாரம் ஏறும். மேலே ஏற்றிய பிறகு நாற்காலியின் நான்கு மூலையிலும் பட்டை மாட்டித் தரைக் கொக்கியில் இழுத்துக் கட்ட வேண்டும். கையில் ஊசி போட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். ஆள் மயங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு இடத்துக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் ஆறு. நான்கு நிமிடத்தில் செய்கிறவள் இருந்தால் அவள் கையில் என் பகையாளியைக்கூட ஒப்படைக்க மாட்டேன்.

நான்கு வீட்டில் ஏற்றுவது, சென்டரில் இரண்டு தரம் இறக்குவது, இரண்டு தரம் ஏற்றுவது, நான்கு வீட்டில் இறக்குவது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிவப்பு. மற்ற வண்டிகளுக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று. முதல் மாதம் முதலிடத்தில் இருந்தவள் கடைசிக்குப் போனாள். பலகைக்கு முன்னால் நின்று பறக்கிறவர்கள் சிரித்தார்கள்.

“நின்னுக்கிட்டே டீசல் குடிக்கிற நத்தை!”

“ஆமாண்டா. உன் அம்மாவை நாளைக்கு நாற்காலியில கொண்டு வா. நாலு நிமிஷத்துல உள்ள தூக்கிப் போடறேன், வலிக்குதான்னு அவங்களையே கேளு.”

மேலாளரிடம் போனாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை. மூன்றாவது முறை எழுதிக்கொண்டு போனாள். லிஃப்ட் வண்டிக்கு இந்த விதி பொருந்தாது, கணக்கில் எடுக்க வேண்டாம் என்று.

“புரியுதும்மா. ஆனா சிஸ்டம் ஏத்துக்காதே” என்றார் அவர். “எல்லா வண்டிக்கும் ஒரே செட்டிங். நின்னா நின்னதுதான்.”

“நிக்கல சார். வேலை பார்க்குது.”

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாதே!”

தெரியாதவனிடம் சொல்ல வேண்டியது தெரிந்தவன் பொறுப்பு. அவர் சொல்லவில்லை. அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு பட்டியல் போகிறது, அதில் இவர் கிளை எத்தனையாவது என்று ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. அவர் கெட்டவர் இல்லை என்று ஷெட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். கெட்டவர் இல்லாதவர்கள் செய்து வைத்த புண்ணுக்கு நான் நிறையக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

பத்தாவது மாதம் ஒரு மெமோ வந்தது. ‘வண்டி நிற்கும்போது எஞ்சினைக் கட்டாயம் அணைக்க வேண்டும். மீறினால் வண்டிப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள்.’ கீழே மேலாளரின் கையெழுத்து. பொறுப்பிலிருந்து விடுவித்தால் உபரிப் பட்டியல். யாராவது லீவு போட்டால் வேலை, இல்லாவிட்டால் ஷெட் பெஞ்சில் உட்கார்ந்து ஈ ஓட்டலாம்.

மறுநாள் காலை முதல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, எஞ்சினை அணைத்தாள்.

“பேட்டரி தாங்குமா?” என்று கேட்டேன்.

“மாத்தி ஒரு வருஷம்தான் ஆகுதுக்கா. தாங்கும். தாங்கலன்னா அவங்களே வந்து பார்க்கட்டும்.”

கோபத்தில் சொன்னாள். கோபத்தில் வண்டி ஓட்டாதவள் கோபத்தில் சாவியைத் திருப்பினாள். நானும் போய் லிஃப்ட் கதவைத் திறந்தேன்.

காலையில் ஒன்றும் ஆகவில்லை. மதியம் மூன்றாவது வீட்டில் இறக்கும்போது பம்பின் சத்தம் மாறியது. தொண்டை கட்டியவன் பேசுவது மாதிரி இருந்தது. அவளுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. ஊர் நெரிசலில் வண்டி ஊர்ந்து வருகிறது, நோயாளிகளுக்காக ஏசி ஓடுகிறது, பேட்டரியில் என்ன ஏறும்? இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருக்கலாம். இன்னும் ஒரு வீடுதான் என்று நினைத்தோம்.

அந்த ஒரு வீடு தபால்காரர் வீடு. மதியம் இரண்டு மணி, நிழலே இல்லாத தெரு. அணைத்தாள். நாற்காலியைத் தட்டில் ஏற்றினோம். பொத்தானை அழுத்தினாள். தட்டு வேனின் தரையை விட்டு ஒரு சாண் இறங்கியது, முனகியது, நின்றுவிட்டது.

ஏற்றும் பொத்தானை அழுத்தினாள், அசையவில்லை. ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சினைக் கிளப்பும் அளவுக்கும் பேட்டரியில் உயிர் இல்லை. கையால் அடித்துத் தட்டை இறக்க ஒரு இரும்புத் தடி இருக்க வேண்டும். அது இந்த வண்டி வந்த நாளிலிருந்தே இல்லை. இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தோம்.

மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. இடுப்பு உயரத்தில் இரும்புத் தட்டு, அதில் நாற்காலி, அதில் நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்த எழுபத்தொரு வயது மனிதர், உச்சி வெயில்.

“என்ன டிரைவரம்மா, சிலையா நிறுத்தி மாலை போடப் போறீங்களா?” என்றார்.

நத்தை ஆபீசுக்குப் போன் போட்டாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் எடுத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“லிஃப்ட் பாதியில நிக்குது. பேஷன்ட் மேல மாட்டிக்கிட்டாரு. மெக்கானிக்கை அனுப்புங்க.”

“ஒரு நிமிஷம் இருங்க… வண்டி பச்சையாத்தானே காட்டுது? எஞ்சின் ஆஃப்ல நல்லா பார்க் பண்ணியிருக்கீங்க. எந்தத் தப்பும் காட்டலையே!”

“ஆளு வெயில்ல மாட்டிக்கிட்டிருக்காருடா!”

“மரியாதையா பேசுங்க. மெக்கானிக் அந்தப் பக்கம் வர நாற்பது நிமிஷம் ஆகும்.”

நான் குடை பிடித்துக்கொண்டு நாடியைப் பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் நெற்றி வேர்வை குளிர்ந்துவிட்டது. உதடு வெளுத்தது. கேலியும் நின்றது. டயாலிசிஸ் முடிந்தவருக்கு ரத்த அழுத்தம் விழ ஆரம்பித்தால் உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். தட்டில் அதற்கு இடமில்லை. நாற்பது நிமிடம் காத்திருக்க முடியாது, கையால் இறக்கிவிடலாம் என்று சொன்னது நான். இஸ்திரிக் கடைக்காரர் வந்தார், சிலிண்டர் போடுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். நத்தையோடு மூன்று பேர். நான் தலைப்பக்கம் பிடித்தேன். நாற்காலியோடு தூக்கி இறக்கும்போது அது ஒரு பக்கம் சாய்ந்தது. விழப் போகிறோம் என்று பயந்து தபால்காரர் வலது கையை நீட்டித் தட்டின் ஓரக் கம்பியைப் பிடித்தார். நாற்காலிக்கும் கம்பிக்கும் நடுவே மணிக்கட்டு மாட்டியது.

எலும்பு உடையும் சத்தம் எனக்குத் தெரியும். நல்லவேளை, டயாலிசிஸ் ஊசி போடும் கை இல்லை அது. அந்த ஒரு நல்லவேளைதான் அன்றைக்கு இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியைப் பொருத்திய ஒயர்காரரை ஷெட்டுக்கு அனுப்பினார்கள். எஞ்சின் அணைந்திருந்ததற்கு ஆதாரம் எடுக்க. அதாவது அவளுக்கு எதிராக. ஒல்லியான ஆள், காதில் டெஸ்டர் செருகியிருந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்துக்கொண்டு பேச்சுக்கொடுத்தார்.

“லிஃப்ட் வண்டியா இது? அப்ப ஏன் ஒயர் கொடுக்காம விட்டாங்க?”

“எந்த ஒயர்?” என்றாள் நத்தை.

பெட்டியிலிருந்து வந்த ஒயர்க் கட்டிலிருந்து ஒன்றை இழுத்துக் காட்டினார். வெள்ளை நிறம். நுனியில் கருப்பு டேப் சுற்றி, சுருட்டி, மடக்கிக் கட்டியிருந்தது.

“இது. லிஃப்ட், கிரேன், குப்பை லாரி, இந்த மாதிரி நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற வண்டிங்களுக்குன்னே கொடுத்திருக்கு. இதை லிஃப்ட் சுவிட்ச்ல மாட்டிட்டா, லிஃப்ட் ஓடும்போது வண்டி சும்மா நிக்கலன்னு பெட்டிக்குத் தெரிஞ்சிடும். சிவப்பே வராது.”

“மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்து நிமிஷம்.”

“ஏன் மாட்டல?”

“ஆர்டர்ல இல்லக்கா. ஒன்பது பெட்டி பொருத்துன்னாங்க, பொருத்தினேன். யாராவது ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா வந்து மாட்டியிருப்பேன்.”

நத்தை குனிந்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேனின் கதவை ஓங்கி அறைந்தாள். ஷெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எட்டு மாசம்! மூணு தடவை போய் நின்னேன் அந்த ஆளு முன்னாடி. ‘சிஸ்டம் ஏத்துக்காது’ன்னான். ஏத்துக்கறதுக்குன்னே ஒரு கம்பியை வச்சுப் பண்ணியிருக்கான் எவனோ ஒரு நல்லவன். இவன் ஒரு போன் போடல!”

“எழுதித் தருவீங்களா?” என்று அவரைக் கேட்டேன்.

அவர் டெஸ்டரை எடுத்துச் சட்டையில் துடைத்தார். “என் பேர் வேண்டாம்மா. எனக்கும் வேலை இருக்கு.” பையிலிருந்து பெட்டியோடு வரும் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். “இதுல படம் போட்டிருக்கு. வெள்ளை ஒயர் எதுக்குன்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். இது ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் இருந்திருக்கும்.”

அன்று மாலை தபால்காரரைப் பார்க்கப் போனோம். மாவுக்கட்டுக் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

“யாரு உன்னை அணைக்கச் சொன்னது?”

“ஆபீஸ் ஐயா.”

“வண்டியை நீ ஓட்டறியா, ஆபீஸ் ஓட்டுதா? பம்ப் சத்தம் மாறுச்சுன்னு எனக்கே கேட்டுது. உள்ள உட்கார்ந்திருந்த கிழவனுக்குக் கேட்டுது. உனக்குக் கேட்கலையா?”

“கேட்டுது.”

“கேட்டுதா!” எழுந்து உட்காரப் பார்த்து வலியில் பல்லைக் கடித்தார். “கேட்டும் அணைச்சியா? மூணு வருஷமா உன்னை நம்பி ஏறினேனே!”

“திட்டுங்க ஐயா.”

“திட்டத்தான் போறேன். நின்னா கழுத்து வலிக்குது, உட்காரு.”

உட்கார்ந்தாள். அரை மணி நேரம் திட்டினார்.  அவள் சமாதானம் சொல்லவில்லை. வெள்ளைக் கம்பியைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. அது தன் தப்பைக் குறைக்கிற பேச்சாகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

அங்கிருந்து இருவரும் அவள் வீட்டுக்கு வந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. மகள் அதைச் சத்தமாகப் படித்தாள். ‘எனது கவனக்குறைவால், எஞ்சினை அணைத்த நிலையில் லிஃப்டை இயக்கியதால் நோயாளிக்குக் காயம் ஏற்பட்டது என ஒப்புக்கொள்கிறேன்.’ வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்து கையெழுத்துப் போட்டால் ஒரு எச்சரிக்கையோடு திங்கட்கிழமை வண்டி கிடைக்கும். போடாவிட்டால் உபரிப் பட்டியல், விஷயம் தலைமை ஆபீசுக்குப் போகும்.

புருஷன் பிரித்துப் போட்ட மிக்ஸியின் நடுவே உட்கார்ந்திருந்தார். “போட்டுட்டு வந்துடு. ஒரு காகிதம்தானே? வண்டி கையில இருந்தா போதும்.”

“காகிதம்தானா? நாளைக்கு அவர் கை கூடலன்னா இந்தக் காகிதம்தான் பேசும். லைசென்சுக்கும் ஆப்பு வைக்கும். அதைவிடு. கவனக்குறைவுன்னு நான் ஒத்துக்கிட்டா அந்தக் கம்பியைப் பத்தி எவனும் கேட்க மாட்டான். அடுத்த வாரமே பலகையில மறுபடி சிவப்பை ஒட்டுவான்.”

“உனக்குக் கோபம். கோபத்துல முடிவெடுக்காதே.”

“கோபத்துல ஒரு முடிவு எடுத்துட்டேன், அதுக்குத்தான் ஒரு மனுஷன் கையை ஒடிச்சு வச்சிருக்கேன். இது கோபம் இல்ல, கணக்கு.”

“அம்மா, கோபம்தான் அது” என்றாள் மகள்.

“சரி, கோபம்தான். போய்ப் படி.”

வெள்ளிக்கிழமை மேலாளர் அறை. குளிர வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய திரை, அதில் தெருக்கள், தெருக்களில் ஒன்பது குட்டி வண்டிகள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் தாளை அவள் பக்கம் தள்ளி, மேலே பேனாவையும் வைத்தார்.

நத்தை பேனாவை எடுத்து ஓரமாக வைத்தாள். பையிலிருந்து மெமோவை எடுத்து விரித்தாள்.

“இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானே சார்?”

“அது பொதுவான உத்தரவு.”

“நிக்கும்போது அணைன்னு எழுதியிருக்கு. அணைச்சேன். காலையில இருந்து பன்னிரண்டு தடவை, நாலு நிமிஷத்துக்கு முன்னாடியே, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அணைச்சேன். இதுல கவனக்குறைவு எங்க இருக்கு? ரொம்பக் கவனமா அணைச்சேன் சார்.”

“ஆளு லிஃப்ட்ல இருக்கும்போது அணைக்கச் சொல்லி யார் சொன்னது? பொது அறிவுன்னு ஒண்ணு இருக்கு இல்லம்மா?”

“அந்தப் பொது அறிவைத்தான் எட்டு மாசமா சிவப்பு மையில போட்டுப் பலகையில ஒட்டுனீங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க பெரியவங்க. எடுத்துச் சொல்லுங்க.”

“கையால இறக்கச் சொன்னது நான். அதையும் எழுதுங்க” என்றேன். “தடி இல்லைன்னு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தோம். அதையும்.”

நத்தை பெட்டியோடு வந்த தாளை விரித்து, படத்தில் இருந்த வெள்ளைக் கம்பியின் மேல் விரலை வைத்தாள். மேலாளர் படித்தார். மறுபடியும் படித்தார். குளிர் அறையில் அவருக்கு வேர்த்ததை நான் பார்த்தேன். வேர்வை எதனால் வருகிறது என்று பார்ப்பது என் தொழில். அது வெட்கத்தால் வந்தது இல்லை, பயத்தால் வந்தது.

“இது எங்கிட்ட யாரும் சொல்லலையே…”

“நான் சொன்னேன் சார். மூணு தடவை. கம்பி இருக்குன்னு எனக்குத் தெரியாது. குறை இருக்குன்னு சொன்னேன். கம்பியைக் கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை.”

“சரிம்மா, மாட்டிடலாம். நாளைக்கே மாட்டிடலாம். நீங்க இதுல ஒரு கையெழுத்து மட்டும்…”

அவ்வளவு கேட்ட பிறகும் அதையே கேட்டார். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ‘எனது கவனக்குறைவால்’ என்பதைப் பேனாவால் அடித்தாள். ‘மெமோவில் உள்ள உத்தரவின்படி’ என்று மேலே எழுதினாள். அதற்குக் கீழே, ‘பம்பின் சத்தம் மாறியது எனக்குக் கேட்டது. கேட்டும் எஞ்சினை ஓட விடாதது என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“திருத்தின தாளை வாங்க முடியாதும்மா.”

“அப்ப வாங்காதீங்க.”

மறுநாள் காலை ஒயர்காரர் வந்து கம்பியை மாட்டினார். ஒன்பது நிமிடம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நத்தை உபரிப் பட்டியலுக்குப் போனாள். அவளுடைய வேனை ஒரு பறக்கிற ஆள் ஓட்டினான். ஒரு சிவப்பும் வரவில்லை. அந்த வாரப் பட்டியலில் வண்டி முதலிடம். பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் எனக்கும் எலும்பு கழன்றது, அதைப் பார்க்கப் பெட்டியில் இன்னும் எந்தக் கம்பியும் இல்லை. நத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் நான்கு நாள் வேலை கிடைத்தது. வீட்டில் மகளின் டியூஷன் நின்றது.

அவள் திருத்திய தாளைத் தலைமை ஆபீசுக்கு அனுப்ப மேலாளருக்குத் தைரியம் வரவில்லை. அனுப்பினால் மெமோவும் கூடவே போக வேண்டும். நான்காவது வாரம் கூப்பிட்டார்.

“பழசை விடுங்கம்மா. திங்கட்கிழமையிலேருந்து வண்டியை எடுங்க.”

“எழுத்துல கொடுங்க.”

“எதை?”

“லிஃப்ட் ஓடும்போது எஞ்சின் ஓடணும்னு. உங்க கையெழுத்தோட.”

“அதான் கம்பி மாட்டியாச்சே!”

“இன்னிக்கு மாட்டுனீங்க. நாளைக்கு வேற பெட்டி வரும், வேற மேலாளர் வருவாரு. ரெண்டு வரி எழுதுங்க சார்.”

காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை அவர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்த தாளில் ‘இயன்றவரை எஞ்சினை ஓட விடலாம்’ என்று இருந்தது. திருப்பி அனுப்பினாள். இரண்டாவது தாளில் ‘கட்டாயம் ஓட வேண்டும்’ என்று வந்தது. கூடவே இரும்புத் தடியும் வந்தது. சாவியை வாங்கிக்கொண்டாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் தபால்காரரை இறக்கினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வழி முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். எலும்பு கூடியிருந்தது, ஆனால் மணிக்கட்டு திரும்பவில்லை. அந்த வயதில், அந்த ரத்தத்தில், இனி திரும்பாது. முன்பெல்லாம் தெருவிலிருந்து வாசல் வரை சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு போவார், யாரையும் தொட விட மாட்டார். இப்போது இடது கையால் ஒரு சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பியது. மறுபடி தள்ளினார், மறுபடி திரும்பியது.

நத்தை பின்னால் கைகட்டி நின்றாள்.

“உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே” என்றார் திரும்பாமல்.

“நினைக்கல ஐயா.”

“அப்புறம் என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கற? தள்ளு!”

தள்ளினாள்.